கருவிக்குள் உறையும் கட்டளை

கணினி என்றதும் மேசைமேல் இருக்கும் பெட்டியையோ கையில் ஏந்தும் தொலைபேசியையோதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆயினும் இன்று உலகில் இயங்கும் கணினிகளுட் பெரும்பாலானவை கணினி என்னும் பெயரைப் பெறாதவை. சலவை இயந்திரத்தினுள்ளும், மின்தூக்கியினுள்ளும், மோட்டார் வண்டியின் எஞ்சினருகிலும், வைத்தியசாலையின் சிகிச்சைப் பொறியினுள்ளும், வயலை உழும் இயந்திரத்தினுள்ளும் அவை உறைகின்றன. அவற்றுட் பலவற்றுக்குத் திரையில்லை, விசைப்பலகையுமில்லை. இன்ன வேலையை இன்னவாறு செய்க என்று எழுதப்பட்ட செய்நிரல் ஒன்றைத் தாங்கியவாறு, பொருளோடு பொருளாக மறைந்து கிடக்கின்றன. உட்பொதிந்த கணினிகள் என்று இவற்றைச் சொல்வர். கம்பி வழியாகவும் வானலை வழியாகவும் இவை ஒன்றோடொன்றும், தம்மை ஆக்கிய கம்பனியோடும் பேசத் தொடங்கியமை அண்மைக்காலச் செய்தி.

இவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களையும் கம்பனிகளின் வளர்ச்சியையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். அந்தக் கட்டளையைக் கருவிக்குள் வைத்த கைகள் எவருடையவை, அதனை வாசிக்கும் உரிமை எவருக்குண்டு, அது பிழைத்தபோது பழியை யார் சுமந்தனர் என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களைத் தொடர்ந்து செல்லும் ஒரு முயற்சி.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், சார்ள்ஸ் நதிக்கரையில், வோல்தம் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1814ஆம் ஆண்டில், பருத்தியை நூற்பதையும் நெய்வதையும் ஒரே கூரையின்கீழ் இயந்திரங்களாற் செய்யும் ஆலையைப் பொஸ்ரன் உற்பத்திக் கம்பனி இங்கேதான் இயக்கத் தொடங்கிற்று. அமெரிக்க ஆலை முதலாளித்துவத்தின் தொட்டில்களுள் ஒன்று இந்நகரம். ஆலையின் தறிகளில் நின்றோர் பெரும்பாலும் நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளம் பெண்கள். அக்கம்பனியின் முதலாளிகள் பின்னர் லோவெல் நகரில் எழுப்பிய ஆலைகளில், 1834இல் கூலிக்குறைப்பையும் 1836இல் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தோரும் அத்தகைய பெண்களே. 1854ஆம் ஆண்டளவில் வோல்தமுக்குக் கடிகாரத் தொழில் வந்தது. நுண்ணிய பற்சக்கரங்களைப் பொருத்தும் வேலையிலும் பெண்கள் பெருந்தொகையாக அமர்த்தப்பட்டனர். அந்தக் கடிகாரத் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டு இயங்கி 1957இல் ஓய்ந்தது. நூலும் ஊசியும் பழகிய கை, நுண்மை பழகிய கண் ஆகிய இவ்விரண்டும் அவ்வூர்த் தொழிலாளரிடம் மீந்து நின்றன.

1961 ஒகஸ்ட் மாதத்தில், சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பலோத் திட்டத்தின் முதலாவது பெரிய ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. விண்கலத்தை வழிநடத்தும் கருவித்தொகுதியை வடிவமைக்கும் பொறுப்பு மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வுகூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கணினியை உற்பத்தி செய்தது ரேதியன் கம்பனி. அதன் தொழிற்சாலை வோல்தமில் இருந்தது. ரேதியன் ஓர் ஆயுதக் கம்பனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருந்தொகையில் ஆக்கப்பட்ட முதல் உட்பொதிந்த கணினிகளுள் ஒன்று, 1960களின் தொடக்கத்தில் மினிற்மன் என்னும் அணுவாயுத ஏவுகணையினுள் வைக்கப்பட்டதாகும். இன்று அடுக்களையில் அரிசி வேகவைக்கும் பாத்திரத்தில் இருக்கும் சிறுகணினியின் முன்னோர், நகரங்களை அழிக்கக் குறிபார்த்து நின்றவர்கள். பனிப்போரின் ஆயுதச் செலவில்லாமல் இக்கருவி இவ்வளவு விரைவிற் சிறுத்திருக்குமா என்பது ஐயமே.

அப்பலோக் கணினியின் நிறை ஏறத்தாழ 32 கிலோகிராம். நிலையான நினைவகத்தில் 36,864 சொற்களையும், அழித்தெழுதக்கூடிய நினைவகத்தில் 2,048 சொற்களையும் அது கொண்டிருந்தது. ஈண்டுச் சொல் என்பது பதினைந்து துவித இலக்கங்களும் சரிபார்ப்புக்கென ஓர் இலக்கமும் சேர்ந்த தொகுதி. இன்றைய மலிவான விளையாட்டுப் பொருளிற்கூட இதனினும் பன்மடங்கு நினைவகம் உண்டு. எனினும் அந்த 36,864 சொற்கள் எவ்வாறு வைக்கப்பட்டன என்பதே நமது கவனத்துக்குரியது. அவை நெய்யப்பட்டன. இஃது உவமையன்று. சிறிய காந்த வளையங்களை வரிசையாக வைத்து, மெல்லிய செப்புக் கம்பியை வளையத்தின் துளையூடாகச் செலுத்தினால் அது ஒன்று எனும் இலக்கம். துளையைத் தவிர்த்து வெளியே கொண்டுசென்றால் அது பூச்சியம். எதிரெதிரே அமர்ந்த இரு பெண்கள், கம்பி கோத்த ஊசியை ஒருவர் மற்றவருக்குச் சட்டத்தினூடாகச் செலுத்திச் செலுத்தி, ஒவ்வோர் இலக்கமாகச் செய்நிரலை நெய்தனர். அடுத்த துளை எது என்பதைத் துளையிட்ட நாடாவொன்றால் இயங்கிய பொறி காட்டிற்று. ஊசி செல்ல வேண்டிய வழியைக் கை அறிந்திருந்தது.

ஒரு செய்நிரலை இவ்வாறு கயிறாக்க வாரக்கணக்காயிற்று. நெய்து முடித்த பாகங்களைப் பிசினில் உறையவைத்து மூடினர். அதன்பின் ஓர் எழுத்தையேனும் மாற்றுவது எளிதன்று. ஆகையால் செய்நிரலாளர் விண்கலம் எழுவதற்குப் பல மாதங்கள் முன்னரே தம் எழுத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். மாற்ற முடியாத எழுத்து, எழுதுவோரிடத்தே ஓர் ஒழுக்கத்தைத் திணித்தது. ‘பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்ற சொல் அங்கே செல்லாது. இன்று எந்தக் கருவியையும் அரைகுறையாக விற்றுவிட்டுப் பின்னர் இணையத்தின் வழியே திருத்தம் அனுப்பும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்பெண்களை அன்றைய பொறியியலாளர் எவ்வாறு குறிப்பிட்டனர்? அந்நினைவகத்துக்கே ‘சிறு கிழவிகளின் நினைவகம்’ என்ற பொருளில் மூன்றெழுத்துச் சுருக்கப்பெயர் ஒன்றை வழங்கினர். அன்பினாற் சொன்ன கேலி என்று அதனை விளக்குவோர் உளர். அன்பாயிருக்கலாம், ஆனால், அக்கயிறுகளிலே தம் உயிர் தொங்குகிறதென அறிந்த விண்வெளி வீரர்கள் தொழிற்சாலைக்கு நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு சென்றனர் என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும். வீரர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் உள்ளன. நெய்தவர்களின் பெயர்களுள் மிகச் சிலவே எங்கோ ஓரிரு நேர்காணல்களில் எஞ்சியுள்ளன.

செய்நிரல் எழுதும் தொழிலும் அப்போது மதிப்புப் பெற்ற தொழிலன்று. திட்டத்தின் தொடக்கக் கால அட்டவணையிலும் செலவுக் கணக்கிலும் மென்பொருளுக்கென இடமே ஒதுக்கப்படவில்லை. கருவியைச் செய்துவிட்டால் கட்டளை தானே வந்துவிடும் என்று எண்ணினர் போலும். 1968ஆம் ஆண்டளவில் அவ்வேலையில் ஏறத்தாழ 350 பேர் ஈடுபட்டிருந்தனர். அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் மார்கரெற் ஹமில்ரன். ‘மென்பொருட் பொறியியல்’ என்ற சொல்லை அவர் வழங்கத் தொடங்கியபோது உடனிருந்தோர் நகைத்தனராம். அவர் கூறியுள்ள நிகழ்ச்சியொன்று கருதத்தக்கது. ஆய்வுகூடத்துக்கு அவரோடு வந்த சிறுமகள், பாவனைப் பொறியின் விசைகளை விளையாட்டாக அழுத்திப் புறப்பாட்டுக்கு முந்திய செய்நிரலைப் பறப்பின் நடுவே எழுப்பிவிட, பொறி நிலைகுலைந்தது. இத்தகைய தவறு நேராதவாறு ஒரு காப்பை எழுதவேண்டும் என்று ஹமில்ரன் கேட்டார். பயிற்சிபெற்ற வீரர் அப்படித் தவறு செய்யமாட்டார் என்று மறுக்கப்பட்டது. 1968 டிசெம்பரில் அப்பலோ 8 சந்திரனைச் சுற்றித் திரும்பும் வழியில், பயிற்சிபெற்ற வீரரான லோவெல் அதே தவறைச் செய்தார். பயணத் தரவுகள் அழிந்தன; தரையிலிருந்து அவற்றை மீண்டும் அனுப்பிவைக்க நேர்ந்தது. குழந்தை கண்ட குறையை அதிகாரம் காண மறுத்தது என்று இதனைச் சொல்லலாம்.

1969 யூலை 20ஆம் திகதி, சந்திரனில் இறங்கும் கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டிற்று. பின்னர் 1201 என்பதையும் காட்டிற்று. அந்நேரத்திற்குத் தேவையற்ற ராடார்க் கருவியொன்றின் மின்னிணைப்புக் கோளாற்றால், கணினியின் நேரத்தில் எட்டிலொரு பங்குக்கு மேல் வீணாகிக்கொண்டிருந்தது. வேலைகளை அவற்றின் முதன்மைக்கேற்ப வரிசைப்படுத்தும் செய்நிரலை ஹல்கோம் லானிங் என்பவர் வடிவமைத்திருந்தார். அவ்வமைப்பு முதன்மையற்ற வேலைகளைக் கைவிட்டு, இறக்கத்துக்கு இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்று, மீண்டும் மீண்டும் தொடங்கி ஓடிற்று. ஹூஸ்ரனில் இருந்த ஜாக் கார்மன் என்னும் 24 வயது இளைஞர், சில நாட்களுக்கு முந்திய ஒத்திகையொன்றில் இத்தகைய எச்சரிக்கையால் இறக்கம் கைவிடப்பட்ட பின்பு, எல்லா எச்சரிக்கை எண்களையும் கையால் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்தே ‘தொடரலாம்’ என்ற முடிவு சொல்லப்பட்டது. ஒரு கருவியின் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அறிந்தவர் அங்கே இருந்தார். அவ்வறிவை எவரும் அவரிடமிருந்து மறைக்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நிற்க. கணினியின் உடல் எங்கே செய்யப்பட்டது என்பதையும் சிறிது நோக்குவோம். ஒருங்கிணைந்த சுற்றுக்களை ஆக்கிய பெயர்ச்சைல்ட் கம்பனி 1965இல் நியூ மெக்சிக்கோவின் சிப்றொக் என்ற இடத்தில், நவாஹோ பழங்குடியினரின் ஒதுக்கப்பட்ட நிலத்தில், தொழிற்சாலையொன்றைத் தொடங்கிற்று. உச்சக்கட்டத்தில் அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட நவாஹோக்கள் பணியாற்றினர். அவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். தொழிலாளரைப் பயிற்றும் செலவில் அரசாங்கம் பங்கேற்றது. 1969இல் புதிய கட்டடத்தைத் திறந்தபோது கம்பனி வெளியிட்ட விளம்பர நூல், நவாஹோப் பெண் நெய்த கம்பளத்தின் கோலத்தையும் சுற்றின் கோலத்தையும் அருகருகே வைத்துக் காட்டிற்று. நெசவு அவர்களின் இரத்தத்தில் ஊறியது. ஆகவே இவ்வேலையும் அவர்களுக்கு இயல்பு என்பது அதன் கருத்து. இவ்வாதத்தின் தந்திரம் எளிது. பயின்று பெற்ற திறனைப் பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால், திறனுக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. 1975 பெப்ரவரியில், தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநீக்கப்பட்டதைத் தொடர்ந்து அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் தொழிற்சாலையைக் கைப்பற்றி ஒரு வாரம் வைத்திருந்தனர். அதன்பின் கம்பனி அங்கிருந்து வெளியேறிற்று. அதற்குள் இத்தொழிலின் கைவேலை ஆசிய நாடுகளின் சுதந்திர வர்த்தக வலயங்களை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. இன்ரெல் கம்பனி 1972இலேயே மலேசியாவின் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியிருந்தது.

அதே கம்பனி 1971 நவம்பரில் 4004 என்ற நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. 2,300 திரான்சிஸ்டர்களைக் கொண்ட அச்சில்லு, பிசிக்கொம் என்னும் யப்பானியக் கம்பனியின் கணக்கிடும் பொறிக்கெனச் செய்யப்பட்டதாகும். அதனை உருவாக்கியோருள் அக்கம்பனியின் பொறியியலாளர் மசத்தோசி சீமாவும் ஒருவர். 60,000 டொலரைத் திருப்பிக் கொடுத்து, அதனைப் பிறருக்கு விற்கும் உரிமையை இன்ரெல் பெற்றுக்கொண்டது. அதன்பின் எந்தப் பொருளுக்குள்ளும் கணினியை வைக்கலாம் என்றாயிற்று. கயிற்று நினைவகம் போய், சில்லிலேயே அச்சிடப்பட்ட நினைவகம் வந்தது. அதன்பின் புறஊதாக் கதிரால் அழிக்கக்கூடிய நினைவகமும், 1980களில் யப்பானின் பூஜியோ மசுவோக்கா உருவாக்கிய மின்னால் நொடியில் அழித்தெழுதும் நினைவகமும் வந்தன. இக்கடைசி மாற்றத்தின் சமூக விளைவை எவரும் அன்று எண்ணியிருக்கமாட்டார்கள். கருவியை வாங்கியவரின் வீட்டிலேயே, அவர் அறியாமலே, கருவிக்குள் உறையும் கட்டளையைத் தொலைவிலிருந்து மாற்றலாம் என்பதே அவ்விளைவு.

ஆனால் அதற்குமுன் ஒரு கொடிய பாடம் இருந்தது. தெறக்-25 என்பது கனடாவின் அரசுடைமையான அணுசக்திக் கம்பனி செய்த கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி. அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாக மொத்தம் பதினொரு பொறிகள் நிறுவப்பட்டன. 1985 யூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். இப்பொறி இருவகைச் சிகிச்சை தரவல்லது: மெல்லிய இலத்திரன் கற்றை ஒன்று; மிக வலிய கற்றையை உலோகத்தில் மோதவிட்டுப் பெறும் எக்ஸ் கதிர் மற்றொன்று. வலிய கற்றை, இடையில் உலோகமில்லாமல், நேரே உடலிற் பாய்ந்தால் அது கொலை. இதற்கு முந்திய தெறக்-20 பொறியில், இவ்வாறு நேராமல் தடுக்கக் கணினியைச் சாராத இயந்திரப் பூட்டுக்கள் இருந்தன. புதிய பொறியில் அவை நீக்கப்பட்டுக் காவல் முழுவதும் செய்நிரலிடம் விடப்பட்டது. அச்செய்நிரலோ பழைய பொறிகளின் செய்நிரலைத் தழுவி, ஒரேயொரு மனிதர் பல்லாண்டுகளாக எழுதியது.

1986 மார்ச்சில், ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகர வைத்தியசாலையொன்றில், பொறியை இயக்கிய பெண் ஊழியர் எக்ஸ் கதிருக்கான எழுத்தைத் தவறாக அடித்தார். உடனே மேல்நோக்கி நகர்ந்து, இலத்திரன் கற்றைக்கான எழுத்தை மாற்றி அடித்து, தொடருமாறு பணித்தார். பொறி ‘கோளாறு 54’ என்று காட்டி நின்றது. அவ்வெண்ணின் பொருளை ஊழியருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தகைய சிறு கோளாறுகள் நாள்தோறும் பலமுறை தோன்றுவன. தொடர் விசையை அழுத்தினாற் சரியாகிவிடும் என்பதே அவர் பெற்ற அனுபவம். அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றார். இரண்டாம் அடியும் பட்டது. அறையை நோக்கும் காணொளிக் கருவியும் ஒலிக் கருவியும் அன்று இயங்கவில்லை. அவர் கதவைத் தட்டியபோதே ஊழியருக்குச் செய்தி தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார். அடுத்த மாதம் அதே பொறியில், அதே ஊழியரின் கையில், இன்னொருவர். அவர் மூன்று வாரத்தில் இறந்தார்.

இதற்கு முன்பும் பிற வைத்தியசாலைகள் முறையிட்டிருந்தன. பொறி அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சுவது இயலாத காரியம் என்று கம்பனி விடையளித்தது. ஒன்ராறியோவில் நேர்ந்த விபத்தின்பின் ஒரு சிறு ஆளியை மாற்றிவிட்டு, பாதுகாப்பு இலட்சம் மடங்கு உயர்ந்துவிட்டது என்றும் கணக்குக் காட்டிற்று. கோளாற்றைக் கண்டுபிடித்தோர் கம்பனியின் பொறியியலாளரல்லர். ரைலர் வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அந்த ஊழியரும் பொறியின்முன் அமர்ந்து, அன்று நடந்தவற்றை விசைக்கு விசை திரும்பச் செய்து பார்த்தனர். ஊழியர் தம் அடிப்பை நினைவுகூர்ந்தார். விரைந்து திருத்தும்போதுதான் கோளாறு 54 தோன்றுகிறதென அவர்கள் கண்டனர். பொறியின் காந்தங்களைச் சரிப்படுத்தச் செய்நிரல் எட்டு வினாடி எடுத்துக்கொண்டது. அதற்குள் திருத்தம் செய்யப்பட்டால் திரையில் ஒன்றும் பொறிக்குள் வேறொன்றுமாக நின்றது. தொழிலிற் தேர்ந்து வேகம் பெற்ற கையே இக்குறையைத் தட்டி எழுப்பவல்லது. மெதுவாக அடித்துச் சோதித்த பொறியியலாளருக்கு அது தென்படவேயில்லை.

இதனினும் கவனிக்கத்தக்கது சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் தெரியவந்த செய்தி. அங்கிருந்தது பழைய தெறக்-20. ஒவ்வொரு தவணையும் புதிய மாணவர்கள் பொறியிற் பழகத் தொடங்கியதும் அதன் உருகிகள் எரிந்துபோகும். சில வாரங்களில் அது தானே நின்றுவிடும். ரைலர் செய்தி வெளிவந்தபின் ஆராய்ந்தபோது, அதே பிழை பழைய செய்நிரலிலும் இருந்தமை தெரிந்தது. மாணவர் கண்டபடி விசைகளை அடித்தபோது பிழை எழுந்தது; இயந்திரப் பூட்டு அதனைத் தடுத்து உருகியை எரித்தது. எவருக்கும் தீங்கு நேரவில்லை. எனவே செய்நிரல் நெடுங்காலமாகப் பிழையின்றி இயங்கிவந்தது என்ற நம்பிக்கை, அதனைக் காத்துவந்த ஊமைப் பூட்டின் உழைப்பைச் செய்நிரலின் கணக்கில் எழுதிக்கொண்டதன் விளைவாகும். நான்சி லெவிசனும் கிளார்க் ரேணரும் 1993இல் வெளியிட்ட விரிவான ஆய்வால் இவையெல்லாம் பொதுவறிவாயின. பொறியைப் பயன்படுத்திய வைத்தியசாலைகளின் பௌதிகவியலாளர் ஒன்றுகூடித் திருத்தங்களை வற்புறுத்தியிராவிடின், முறையீடுகள் தனித்தனியே கோப்புகளில் உறங்கியிருக்கும்.

தொண்ணூறுகளில் கருவிகள் வலையமைப்பில் இணையலாயின. 1990இல் ரொட்டி சுடும் பொறியொன்றை இணையத்தோடு பொருத்திக் காட்சிக்கு வைத்தார்கள், அது வேடிக்கை. 1999இல் கெவின் அஷ்ரன் ‘பொருட்களின் இணையம்’ என்ற பெயரைச் சூட்டினார், அது வியாபாரம். பதினைந்து ஆண்டுகளுக்குட் கமராவும் கதவும் விளக்கும் இணையத்தில் அமர்ந்துவிட்டன. இவற்றுக்கான செய்நிரலை எழுதுவோரின் நிலைமை அப்பலோ ஆய்வுகூடத்தின் நிலைமையன்று. சில்லு ஒரு நாட்டில், பலகை ஒரு நாட்டில், இலச்சினை மூன்றாவது நாட்டில். கிடைத்த செய்நிரல் துண்டுகளைப் பொருத்திச் சந்தைக்கு முந்துவதே இலக்கு. விற்றபின் அக்கருவிக்கு யார் பொறுப்பு என்பது எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லை.

2016 செப்டெம்பரில் மிராய் என்ற தீநிரல் வெளிப்பட்டது. அதன் தந்திரத்தில் மேதைமை எதுவுமில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் என்பவற்றில் அறுபத்துச் சொச்சம் இணைகளை மட்டும் அது அறிந்திருந்தது. இணையத்திற் தேடித் தேடிக் கமராக்களின் கதவை அவற்றால் தட்டிற்று. உச்சத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சம் கருவிகள் அதன் வசமாயின. ஒக்டோபர் 21ஆம் திகதி அப்படை டைன் என்ற கம்பனியின் பெயர்வழங்கிகள்மீது ஏவப்பட, அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமற் போயின. வெளிநாட்டுச் சதியென்று ஊகித்தோர் பலர். மிராயை எழுதியோர் கணினி விளையாட்டு வியாபாரப் போட்டியில் ஈடுபட்டிருந்த மூன்று அமெரிக்க இளைஞர். 2017 டிசெம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வெளியிடப்பட்டது. தாக்கப்பட்டவை பெருங்கம்பனிகள், தாக்கியவை எளியோரின் கடைகளிலும் வீடுகளிலும் இருந்த மலிவுக் கமராக்கள். அவற்றின் உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. சிலவற்றில் அந்தக் கடவுச்சொல்லை மாற்ற அவர்கள் விரும்பினாலும் இயலாது. அது செய்நிரலிலேயே பதிந்திருந்தது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கத்தைப் பிரித்தானியா சட்டத்தால் தடுத்தது 2024 ஏப்ரலிலேதான்.

மறைந்த கட்டளை கவனக்குறைவினால் மட்டும் தீங்கு செய்வதில்லை. 2015 செப்டெம்பரில் வெளிவந்த வொக்ஸ்வாகன் ஊழலை வாசகர் அறிவர். வண்டி சோதனைச் சாலையில் நிற்கிறதா தெருவில் ஓடுகிறதா என்பதை உய்த்துணர்ந்து, சோதனையில் மட்டும் நச்சுப்புகையைக் குறைக்குமாறு எஞ்சினின் செய்நிரல் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அது இருந்தது. அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றிய அக்கம்பனியின் அமெரிக்கத் தலைவர், இது ஓரிரு மென்பொருட் பொறியியலாளரின் செயல் என்று தாம் அறிந்தவாறு கூறினார். கயிறு நெய்தவளுக்கும் விசை அடித்தவளுக்கும் நேர்ந்தது இப்போது செய்நிரலாளருக்கும் நேர்ந்தது: இலாபம் மேலே ஏறும், பழி கீழே இறங்கும். இச்சூழ்ச்சியை அம்பலப்படுத்தியது, வண்டியின் புகைவழியிற் கருவிகளைக் கட்டித் தெருவில் ஓட்டி அளந்த மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழுவின் உழைப்பு. செய்நிரலை வாசிக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆகவே புகையை வாசித்தார்கள்.

உரிமை என்ற சொல் வந்துவிட்டது. 1998இல் அமெரிக்கா நிறைவேற்றிய பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு, செய்நிரலைக் காக்கும் மின்பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிற்று. அப்பிரிவின் எண் 1201. சந்திரனில் இறங்கிய கலம் காட்டிய எச்சரிக்கை எண்ணும் இதுவும் ஒன்றாயிருப்பது தற்செயலே; ஆயினும் சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. பாட்டும் படமும் களவு போகாமற் காப்பதற்கென்று சொல்லி இயற்றிய சட்டம், வயலிலும் வந்து நின்றது. உழவு இயந்திரம் செய்யும் ஜோன் டியர் கம்பனி 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய கருத்துரையில், இயந்திரத்தை வாங்கிய விவசாயிக்கு அதன் செய்நிரல் சொந்தமன்று, வண்டியின் ஆயுட்காலம் முழுவதும் அதனை இயக்கும் உட்கிடையான அனுமதியே அவருக்குண்டு என்ற வாதத்தை முன்வைத்தது. நிலத்தை உழுபவனுக்கு நிலம் சொந்தமில்லை என்ற பழைய வாதத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதியதாய்த் தோன்றாது. இரும்பு விவசாயியுடையது, இரும்பை அசைக்கும் கட்டளை கம்பனியுடையது என்பதே இதன் சாரம்.

நடைமுறையில் இதன் பொருள் யாது? அறுவடைக் காலத்தில் ஓர் உணரி பழுதானால், இயந்திரம் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். பழுதான பாகத்தை விவசாயியோ ஊர்ப் பொறிவினைஞரோ மாற்றிவிடலாம். புதிய பாகத்தை இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமாறு செய்யும் மென்பொருள் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே இருந்தது. அவர் வரும்வரை தானியம் காத்திருக்க வேண்டும், மழை காத்திராது. 2017ஆம் ஆண்டளவில், உக்ரேனிற் பூட்டுடைக்கப்பட்ட மென்பொருளை இணையத்தின் இருண்ட சந்துகளில் வாங்கித் தம் சொந்த இயந்திரத்தைத் திருத்திய அமெரிக்க விவசாயிகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. அவர்களிற் பலர் இடதுசாரிகளல்லர். சொத்துரிமையின் பெயராலேயே அவர்கள் போராடினர். தன் உற்பத்திக் கருவியிலிருந்து உழைப்பவன் எவ்வாறு பிரிக்கப்படுகிறான் என்பதை நூலிற் படியாது, சேற்றில் நின்ற இயந்திரத்தின் முன்னே அவர்கள் கற்றுக்கொண்டனர்.

போராட்டம் சில பலன்களையும் கண்டது. 2012இல் மசாசூசெற்ஸ் மாநில வாக்காளரில் 86 வீதத்தினர் மோட்டார் வண்டிகளைத் திருத்தும் உரிமைச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தனர். கயிறு நெய்த வோல்தம் அம்மாநிலத்திலேதான் இருக்கிறது. 2015இல் உழவு இயந்திரங்களின் செய்நிரற் பூட்டைத் திருத்த வேலைக்காகத் திறப்பதற்குப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரையிற் புறநடை வழங்கப்பட்டது. ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்து பிறருக்கு விற்பது குற்றமாகவே நீடித்தது. திறக்கலாம், திறப்பு வாங்கக்கூடாது என்ற இந்த விசித்திரத்தை வழக்கறிஞரே விளக்கவேண்டும். 2023 ஜனவரியில் கம்பனி அமெரிக்க விவசாயக் கூட்டமைப்போடு உடன்படிக்கையொன்றைச் செய்து, சில கருவிகளையும் கையேடுகளையும் தருவதாக வாக்களித்தது. கூட்டமைப்பு திருத்த உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவளிப்பதில்லை என்பது அதன் மறுபக்கம். ஏப்ரலில் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கான திருத்த உரிமைச் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதன்முதலாக நிறைவேற்றிற்று. அது 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் இல்லினோய், மின்னசோட்டா மாநிலங்களும் அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தன. முழுமையாகத் திருத்தவல்ல மென்பொருளை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளருக்கு மட்டுமே வழங்கி, விவசாயிக்கும் ஊர்ப் பொறிவினைஞருக்கும் குறைபட்ட ஒன்றைக் கொடுத்தது என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டு.